அரிசி வயது

தர்மலிங்கத்தின் கள்ளுக்கடையில் பன்னிரண்டு மங்குகள் இருந்தன. எல்லாம் கள் ஊற்றிக் கொடுக்கும், வெள்ளைப் பூச்சுப் பூசிய தகரக் குவளைகள். விளிம்பைச் சுற்றி ஒரு நீலக் கோடு ஓடும். ஒரு காலத்தில், மாலை நான்கு மணிக்குமேல், அந்தப் பன்னிரண்டும் போதாமல் ஆட்கள் தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். ஜப்பானியர் வந்த இரண்டாம் ஆண்டில், அதாவது 1943ஆம் ஆண்டில், அவற்றுள் பாதிக்குக்கூட வேலை இருக்கவில்லை. ஆயினும் அவர் நாள்தோறும் பன்னிரண்டையும் சாம்பலிட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தார். வாசலில் கிடந்த இரண்டு விசுப்பலகைகளையும் ஈரத்துணியால் துடைத்தார். கை ஓய்ந்திருந்தால் வாய் தனக்குத்தானே பேசத் தொடங்கிவிடும். அதற்கு அவர் அஞ்சினார்.

கடை ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தின் எல்லையில், பாடாங் செராய்க்குச் செல்லும் செம்மண் சாலையின் ஓரத்தில் இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்புறம் ஓர் அறை. அதற்கும் பின்னால் தென்னந்தோப்பு. தர்மலிங்கம் இளமையில் அந்தத் தோப்பில் மரமேறியாக இருந்தவர். ஒரு மழைநாளில் மரத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் இடது கால் கோணிப்போயிற்று. ஏற முடியாதவருக்கு இறக்கிய கள்ளை விற்கும் உரிமம் கிடைத்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் அந்தக் கடையே அவருக்கு ஊரும் உலகமும் ஆயின.

1941ஆம் ஆண்டு ஐப்பசியில் அவருடைய மனைவி அம்சவள்ளி, தன் தம்பியின் திருமணத்திற்காக மகள் புஷ்பவள்ளியை அழைத்துக்கொண்டு பினாங்கில் சொந்த ஊருக்குக் கப்பலேறினாள். தைக்குத் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். கடையை விட்டு எங்கும் போய்விட வேண்டாம் என்று, வழியனுப்பச் சென்றவரிடம் விளையாட்டாகச் சொல்வதுபோல் இருமுறை சொன்னாள். கார்த்திகை முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. கப்பல் நின்றது; தபாலும் நின்றது. அம்சவள்ளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் யாரையேனும் எழுதச் சொன்னாலும் அவளுக்கு மனப்பாடமாக இருந்த விலாசம் ஒன்றுதான்: கள்ளுக்கடை தர்மலிங்கம், ஏழாங்கட்டை, பாடாங் செராய். என்றேனும் கப்பல் வந்து, அவர்கள் நேரில் இறங்கி விசாரித்தாலும், கேட்கத் தெரிந்த இடம் அதுவே. ஆகவே கடை என்பது அவருக்குப் பிழைப்பாக மட்டும் இருக்கவில்லை. இருவர் தம்மைத் தேடிவந்தால் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆண்டு சித்திரையில், சயாமில் ரயில்பாதை போடுவதற்கென்று தோட்டத்து ஆண்கள் முப்பத்திரண்டு பேரை லாரியில் ஏற்றிச் சென்றார்கள். மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். ஆட்களும் திரும்பவில்லை, அவர்களைப் பற்றிய செய்தியும் வரவில்லை. கோணற்காலைப் பார்த்துத் தர்மலிங்கத்தை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து விசுப்பலகைகள் வெறுமையாயின. முன்பெல்லாம் கடையை மூடும்போது, போதும் போங்கள் என்று ஆட்களை விரட்டுவது அவருக்குப் பெரும்பாடாக இருக்கும். இப்போது விரட்டுவதற்கு யாரும் இல்லாத கடையை அவர் நேரத்தோடு மூடினார்.

அந்த வெறுமையில்தான் பையன்கள் வந்தார்கள்.

நால்வர். அவர்களுக்குத் தலைவன்போல் வந்தவன் இருளப்பன். அவனுடைய தந்தை முதல் லாரியில் சயாமுக்குப் போனவர். தாய் செல்லாயி, தொழிலாளர் வீட்டு வரிசையான மூன்றாம் லயத்தில் குடியிருந்து, ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குச் செல்பவள். நால்வரும் பெரியவர்கள் விட்டுச்சென்ற வேலையைச் செய்தார்கள். பெரியவர்களைப்போலவே மாலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து விசுப்பலகையில் அமர்ந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் கள் விற்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டிய பலகை அவர்களுடைய தலைக்குமேல்தான் தொங்கியது. அந்த விதியை ஜப்பானியரும் மாற்றவில்லை.

"வயசு என்னடா?" என்று முதல்நாள் தர்மலிங்கம் கேட்டார்.

"பத்தொம்போது, மாமா. பெரட்டுப் புத்தகத்துல பாருங்க" என்றான் இருளப்பன்.

"மீச மட்டும் இன்னும் கப்பல்லதான் வருதாக்கும்" என்றான் அவனுக்குப் பின்னால் நின்றவன். நால்வரும் சிரித்தார்கள். கடையில் சிரிப்பொலி கேட்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

பெரட்டுப் புத்தகம் என்பது, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணியார் பெயர் கூப்பிடும் பதிவேடு. இருளப்பன் சொன்னது பொய்யன்று. அதில் அவனுக்குப் பத்தொன்பது என்றே எழுதியிருந்தது. முந்திய ஆண்டில் அரிசிப் பங்கீடு வந்தபோது, வேலை செய்யும் பெரியவர்களுக்கு முழுப்பங்கு என்றும் சிறுவர்களுக்குப் பாதிப்பங்கு என்றும் விதித்தார்கள். தோட்டத்தில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்திருந்தார்கள்? தாய்மார்கள் கிராணியாரிடம் சென்று, நெஞ்சுயரம் வளர்ந்த பையன்களையெல்லாம் பெரியவர்களாக எழுதச் சொன்னார்கள். சுப்பிரமணியக் கிராணியார் இரக்கமுள்ளவர், எழுதினார். அன்றிலிருந்து தோட்டத்துப் பையன்களுக்கு இரண்டு வயதுகள் இருந்தன. ஒன்று பெற்ற வயது. மற்றொன்று அரிசி வயது. லயத்தில் சண்டை வந்தால், "ஒன் அரிசி வயசுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைக்கணும்டா" என்று கேலி பேசும் அளவுக்கு அது வழக்கமாகிப்போயிருந்தது.

இருளப்பன் பிறந்த நாள் தர்மலிங்கத்திற்கு நன்றாக நினைவிருந்தது. அரிசி வயதை நம்பி அவர் ஊற்றவில்லை. தண்ணீர் கலந்து, அரை மங்குதான் ஊற்றினார். நால்வரும் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசட்டும் என்பதற்காக ஊற்றினார். அவர்கள் குரங்கு விரட்டிய கதையைப் பேசினார்கள். வேலை ஏவும் தண்டலைப்போல நடந்து காட்டினார்கள். கேட்டுக்கொண்டே அவர் மங்குகளைத் துலக்கினார். தாம் செய்வது தவறு என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் மறுநாள் மாலை சாலையைப் பார்த்திருந்தார்.

ஆனி மாதம் ஒருநாள் காலைப் பெரட்டுக்கு ஜப்பானிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எல்லாரும் கிழக்கு நோக்கிக் குனிந்து வணங்க வேண்டும். முந்திய மாலையில் மிஞ்சிய கள்ளைப் பையன்கள் புட்டியில் வாங்கிச் சென்றிருந்தார்கள். வெறும் வயிற்றில் அதைக் குடித்துவிட்டு வந்திருந்த இருளப்பன், குனிந்தவன் குனிந்தவாறே அதிகாரியின் காலணிக்கு அருகில் கவிழ்ந்தான். வாந்தியும் எடுத்தான். புளித்த கள்ளின் நெடி எல்லாருக்கும் எட்டியது. அதிகாரி அவனை எட்டிக்கூட உதைக்கவில்லை. யார் விற்றது என்று மட்டும் கேட்டார். வருகின்ற வெள்ளிக்கிழமை கடையின் உரிமத்தைப் பற்றி விசாரணை நடக்கும் என்று அன்றே ஆணை வந்தது.

அன்று பிற்பகல் செல்லாயி கடைக்கு வந்தாள். பால் வாளியை இடுப்பிலிருந்து இறக்காமலேயே பேசினாள்.

"எம் புருசன் இந்தப் பலகையிலதான் குடிச்சாரு. அவரு ஆம்பள, குடிச்சாரு. எம் புள்ளைக்கி ஊத்திக் குடுத்தீங்களே, ஒங்க மவளா இருந்தா ஊத்துவீங்களா, அண்ணே?"

அவள் ஏசியிருந்தால் தர்மலிங்கம் தாங்கியிருப்பார். அண்ணே என்றதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கிராணியார் வந்தார். கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். விசாரணையில் தாம் பெரட்டுப் புத்தகத்தை நீட்டப்போவதாகவும், அதில் நால்வருக்கும் பதினெட்டுக்கு மேல் என்றிருப்பதாகவும், தர்மலிங்கம் ஆமென்று சொல்லிவிட்டால் விதி மீறப்படவில்லை என்று ஆகிவிடும் என்றும், கையைத் தட்டிக்கொண்டு சொன்னார். தர்மலிங்கத்திற்கு மூச்சு வந்தது. உரிமம் போனால் அறையும் போகும்; வேறு எங்கோ கூலிக்கு அனுப்பிவிடுவார்கள். அது நடக்காது என்று தெரிந்ததும், கிராணியாருக்கென்று புளிக்காத இனிப்புக் கள் ஒரு மங்கு கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்தபின் கிராணியாருக்குப் பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. சயாமுக்கு இரண்டாம் பட்டியல் கேட்டிருக்கிறார்கள் என்றும், மாதக் கடைசிக்குள் நாற்பது பேர் வேண்டுமாம் என்றும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நாப்பது ஆம்பளைங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார் தர்மலிங்கம்.

கிராணியார் மங்கின் விளிம்பைத் துடைத்தார்.

"புத்தகத்துல இருக்காங்க" என்றார்.

அந்த நால்வருமா என்று கேட்டதற்கு அவர் ஆமென்று தலையை அசைத்தார். புத்தகத்தைத் திருத்திவிடலாமே என்று தர்மலிங்கம் சொன்னார். படி எடுத்து, முத்திரையிட்டு, நகரத்து அலுவலகத்திற்குப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. இப்போது தாம் ஓரெழுத்தை மாற்றினாலும் தமது தலை இருக்காது. மேலதிகாரி தாமே சொல்லி மாற்றினால்தான் உண்டு என்றார் கிராணியார். அரிசிக்காகச் செய்தது, இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது? அவர் அழுதாரா என்பதைத் தர்மலிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிராணியார் போனபின் அவர் காலை இழுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தார். தோப்பின் ஒவ்வொரு மரத்திலும், ஆள் நெஞ்சுயரத்தில், சுண்ணாம்பால் ஓர் எண் எழுதியிருந்தது. எந்த மரம், எந்த ஆண்டில் வைத்தது என்பதெல்லாம் உரிமம் வழங்கும் அலுவலகத்தின் மரப்பதிவேட்டில் இருக்கும். கடையைத் தொடங்கிய நாளிலிருந்து தர்மலிங்கத்திற்கு ஒரு பழக்கம் இருந்தது. தோட்டத்தில் குழந்தை பிறந்தால் தந்தைமார்கள் மகிழ்ச்சியில் எல்லாருக்கும் கள் வாங்கிக்கொடுக்க வருவார்கள். அவர் அதை மறுத்து, அவர்கள் கையில் ஒரு தென்னம்பிள்ளையைக் கொடுத்துத் தோப்பில் நடச் சொல்வார். குடித்தால் இன்றோடு போயிற்று. நட்டால் பிள்ளையோடு வளரும் என்பார். இருபத்து மூன்றாம் மரம் இருளப்பனுடையது. அவனுடைய தந்தை, ஈரமண் ஒட்டிய கையோடு சிரித்தபடி நின்றது தர்மலிங்கத்தின் கண்ணில் இருந்தது. நாற்பத்தொன்றாம் மரம் புஷ்பவள்ளிக்காக அவரே நட்டது. அதில் அவர் ஒருநாளும் கள் இறக்கவிட்டதில்லை. அதன் அடியில் அவர் வெகுநேரம் நின்றார். கடையை விட்டு எங்கும் போய்விட வேண்டாம் என்ற குரலை நினைத்துக்கொண்டார். மரத்திடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, தம் குரலைத் தாமே கேட்டு, நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடைவாசலில் மேசை போட்டார்கள். ஜப்பானிய அதிகாரி விசுப்பலகையில் அமர்ந்து வாளைக் குறுக்கே வைத்துக்கொண்டார். அவருடன் வந்த எழுத்தர் ராமநாதன், தமிழில் கேட்டதை மலாயிலும் அரைகுறை ஜப்பானிய மொழியிலும் சொன்னார். நான்கு பையன்களும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். செல்லாயி கடைசியில் நின்றாள்.

கிராணியார் புத்தகத்தை விரித்து வைத்தார். ராமநாதன் வாசித்தார்: இருளப்பன், பத்தொன்பது. பிறகு தர்மலிங்கத்தைப் பார்த்து, இது சரிதானா என்று கேட்டார்.

ஆமென்னும் ஒரு சொல் போதும். கிராணியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. அவனுக்குப் பதினாலு" என்றார் தர்மலிங்கம்.

கிராணியாரின் முகம் வெளிறியது. அதைக் கண்டு தர்மலிங்கம் விரைந்து சொன்னார்: "கிராணியாரு மேல தப்பு இல்லீங்க. பொறந்த தேதி யாருகிட்டயும் கெடையாது. பையன் வளத்தியப் பாத்து எழுதினாரு. எனக்குத்தான் வயசு தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டார் ராமநாதன்.

"பொறந்த அன்னைக்கி மரம் வச்சோம். இருவத்து மூணாம் நம்பரு. ஒங்க பதிவேட்டுலயே இருக்கும், பாருங்க."

உரிமக் கோப்போடு மரப்பதிவேடும் வந்திருந்தது. ராமநாதன் பக்கங்களைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது" என்று வாசித்தார். மற்ற மூவருக்கும் மரங்கள் இருந்தன. அவற்றின்படி அவர்களுடைய வயது பதினான்கு, பதின்மூன்று, பதினைந்து. அதிகாரி எழுந்து தோப்புக்குள் சென்று, இருபத்து மூன்றாம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். பின்னர் இருளப்பனின் மோவாயைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நான் சின்னப் பையன் இல்ல" என்றான் இருளப்பன். அவமானத்தில் குரல் கீச்சிட்டது. செல்லாயி பின்னாலிருந்து அவனுடைய துண்டைப் பற்றி இழுத்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்பது அந்த இழுப்பில் தெரிந்தது.

சிறுவர்கள் என்று தெரிந்தே விற்றாயா என்ற கேள்வி வந்தது. ஆமென்றார் தர்மலிங்கம். ஏன் என்று அதிகாரி கேட்டார். ராமநாதன் அதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

தர்மலிங்கம் கவிழ்த்து வைத்திருந்த மங்குகளைப் பார்த்தார்.

"கடையில பேச்சுச் சத்தமே இல்லீங்க" என்றார்.

ராமநாதனுக்கு அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை. சிறிது யோசித்து, ஆளரவம் இல்லை என்று பொருள்படும் மலாய்ச் சொல் ஒன்றை மட்டும் சொன்னார். அதிகாரி தர்மலிங்கத்தின் கன்னத்தில் அறைந்தார். ஒரே அறைதான். பின்பு அமர்ந்து, மூன்று ஆணைகளைச் சொன்னார். கடையின் உரிமம் ரத்து. பெரட்டுப் புத்தகத்தில் நால்வரின் வயதும் இப்போதே திருத்தப்பட வேண்டும்; தம் முத்திரையுடன் நகரத்துப் படியும் திருத்தப்படும். கடைக்காரன் கோத்தா கோலா மூடாவில் உப்புக் காய்ச்சும் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கக் கால் தேவையில்லை.

கிராணியார் சிவப்பு மையில் நான்கு எண்களை அடித்து, நான்கு எண்களை எழுதினார். எழுத்து நேராகவே விழுந்தது.

கதையில் வருவதுபோல் அவரை யாரும் வாழ்த்தவில்லை. மறுவாரமே நான்கு வீடுகளிலும் அரிசி பாதியாகக் குறைந்தது. பையன்களில் ஒருவனின் தாய், குடியைக் கெடுத்தவன் குடல் கெடுவான் என்று சாலையில் மண்ணை வாரித் தூற்றினாள். இருளப்பன் அவர் இருந்த பக்கமே வரவில்லை. அவனை மற்றவர்கள் இருபத்து மூணாம் நம்பர் என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்களாம். மாதக் கடைசியில் லாரிகள் வந்தன. நாற்பது கேட்ட இடத்தில் முப்பத்தாறு பேரே தேறினர். அதற்குமேல் புத்தகத்தில் ஆண்கள் இல்லை. அந்த லாரிகள் செல்வதைச் செல்லாயியும் மண்ணை வாரித் தூற்றியவளும் ஒரே மரத்தடியில் நின்று பார்த்தார்கள் என்று கிராணியார் பிற்பாடு சொன்னார்.

கடையைப் பூட்டும் நாளில் தர்மலிங்கம் கதவின்மேல் அடுப்புக்கரியால் எழுதினார்: கள்ளுக்கடை தர்மலிங்கம் கோத்தா கோலா மூடாவில் உப்புக் கொட்டகையில் இருக்கிறான். அம்சவள்ளி வந்தால் அங்கே வரவும். படிக்கத் தெரியாதவளுக்கு யாரேனும் படித்துச் சொல்வார்கள் என்று நம்பினார். வர்ணம் கிடைக்காத காலம், கரிதான் இருந்தது. ஒரு மழை போதும் அதைக் கழுவிவிட. அது தெரிந்துதான் எழுதினார்.

கோத்தா கோலா மூடாவில் ஆறு கடலில் சேரும் இடத்தில் கொட்டகை இருந்தது. பெரிய இரும்புச் சட்டிகளில் கடல்நீர் கொதித்தது. உடன் வேலை செய்தவர்கள் மலாய் மீனவர்கள், நல்லவர்கள், தங்கள் சோற்றில் அவருக்கும் பங்கு வைத்தார்கள். ஆனால் அவருக்கு அவர்களுடைய மொழியில் விலையும் வேலையும் பேசத்தான் வந்தது. மனம் பேச வரவில்லை. அங்கே அவர் தமக்குத்தாமே பேசத் தொடங்கினார். அஞ்சியது நடந்துவிட்டது; நடந்தபின் அச்சம் இல்லை. காற்று கடலிலிருந்து வீசும் மாலைகளில், தைக்கு வந்துவிடுவதாகச் சொன்னாயே என்று உரக்கவே கேட்பார்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. உப்பு ஏற்றிய லாரி ஒன்று பாடாங் செராய் வழியாகச் செல்லவிருந்தது. ஓட்டுநரிடம் கெஞ்சி அதில் ஏறிக்கொண்டார். கதவு வெறும் பலகையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே சென்றார். மறுபடி எழுதுவதற்காக மடியில் ஒரு கரித்துண்டையும் வைத்திருந்தார்.

எழுத்து இருந்தது. அவர் எழுதியதைவிடக் கருமையாக, தடித்த கோடுகளோடு, கோணல்மாணலாக இருந்தது. அவருடைய கையெழுத்தின்மேலேயே யாரோ பலமுறை இழுத்திருந்தார்கள்.

அவர் பார்த்துக்கொண்டு நிற்கையில், பால் வாளியுடன் செல்லாயி சாலையில் வந்தாள். அவரைக் கண்டு நின்றாள். நலம் விசாரிக்கவில்லை.

"மழைக்கி மழை அழிஞ்சிருது" என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. இருந்த கோட்டு மேலயே இழுத்து வச்சேன். சரியா இருக்கா பாருங்க, அண்ணே."

அவர் முதலிலிருந்து கடைசிவரை மெல்லப் படித்தார். சரியாகவே இருப்பதாகச் சொன்னார். கேட்காமலேயே அவள் தலையை இடமும் வலமுமாக அசைத்தாள்: யாரும் வரவில்லை, கடிதமும் இல்லை. அவர் மடியிலிருந்த கரித்துண்டை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பால் நிறுக்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.

லாரிக்காரன் கூப்பிடும்வரையில் கொஞ்ச நேரம் இருந்தது. தர்மலிங்கம் தோள்துண்டை மழைநீரில் நனைத்துப் பிழிந்து, இரண்டு விசுப்பலகைகளையும் துடைத்து வைத்துவிட்டுச் சென்றார்.